டிராயிங் பார்த்துச் செய்வதிலிருந்து மேலே போவது எப்படி? பினாங்கு வெண்டர்களுக்கான இழை

பத்துகாவான்_சிஎன்சி
வணக்கம். பத்து காவானில் அலுமினிய மெஷினிங் ஷாப். அமெரிக்க செமிகண்டக்டர் உபகரணக் கம்பெனி ஒன்றுக்குப் பாகங்கள் செய்கிறோம். டிராயிங் வரும், செய்வோம், அனுப்புவோம். டெலிவரி மார்க்கும் குவாலிட்டி மார்க்கும் நன்றாகவே இருக்கின்றன. இப்போது அவர்கள் சொல்வது: அடுத்த தலைமுறை மெஷினுக்குத் தனித்தனிப் பாகமாக வாங்கப் போவதில்லை, மெஷினிங், ஆனோடைசிங் (அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படலம் வளர்ப்பது), அசெம்பிளி, லீக் டெஸ்ட் எல்லாம் முடிந்த மாட்யூலாகத்தான் வாங்குவார்களாம்.

இத்தனை காலம் சேர்ந்து வேலை பார்த்தும் எங்களிடம் இருப்பது செய்யும் கை மட்டும்தான். இந்த இடத்தில் ஏன் இந்த டாலரன்ஸ் (அளவு எவ்வளவு கூடலாம், குறையலாம் என்ற வரம்பு), ஏன் இந்தக் கோட்டிங் என்று கேட்டால் ஷாப்பில் யாருக்கும் பதில் தெரியாது. அந்த விவரம் எந்த வழியாக வெண்டரிடம் வந்து சேர்கிறது? கேட்டால் சொல்வார்களா? சொன்னதை நாம் வைத்துக்கொள்ளலாமா?

பாயான்லெப்பாஸ்_குவாலிட்டி
தம்பி, டிராயிங்கில் இருப்பது முடிவு மட்டும்தான். அந்த முடிவுக்கு எப்படி வந்தார்கள் என்பது அவர்களுடைய டிசைன் எஞ்சினியரின் தலையிலும் பழைய ஃபெயிலியர் ரிப்போர்ட்டுகளிலும் இருக்கும். அதை யாரும் கோப்பாகக் கட்டி அனுப்ப மாட்டார்கள். சரியான கேள்வியோடு போனால் பதிலோடு சேர்ந்து வெளியே வரும். பொதுவாக "விளக்குங்கள்" என்றால் ஒன்றும் வராது. உங்கள் தொழிலிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன்.

6061-டி6 அலுமினியப் பிளேட். 10 மி.மீ. துளை, எச்7 டாலரன்ஸ். அதாவது 10.000 முதல் 10.015 வரை. முழு பாகத்துக்கும் 50 மைக்ரான் ஹார்ட் ஆனோடைசிங், அளவுகள் கோட்டிங்குக்குப் பிறகு. ஹார்ட் ஆனோடைசிங்கில் ஏறக்குறைய பாதி தடிமன் உலோகத்துக்குள் போகும், பாதி வெளியே வளரும். ஒரு சுவருக்கு 25 மைக்ரான், ஆகவே துளையின் விட்டம் 50 மைக்ரான் குறையும். கோட்டிங்குக்கு முன் 10.050 முதல் 10.065 வரை துளைத்தால் சரியாக வந்துவிடும் என்று தோன்றும்.

வராது. ஆனோடைசிங் கடைக்காரர் தடிமனை 5 மைக்ரான் முன்பின்னாகத்தான் பிடிப்பார். அது விட்டத்தில் 5 மைக்ரான் கூடவோ குறையவோ போகும். உங்கள் கையில் இருக்கும் 15 மைக்ரானில் 10 அங்கேயே போய்விட்டது. மெஷினிங்குக்கு மிச்சம் 5 மைக்ரான். அதற்குள் டூல் தேய்மானம், அறைச் சூடு, அளக்கும் பிழை எல்லாம் அடங்க வேண்டும். அதனால்தான் இந்த மாதிரிப் பாகத்தில் ரிஜெக்ட் அலை அலையாக வருகிறது. ஷாப்பில் ஆப்பரேட்டரைத் திட்டுவார்கள், ஆப்பரேட்டருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இங்கே கஸ்டமரிடம் "டாலரன்ஸைத் தளர்த்த முடியுமா?" என்று கேட்டால் "முடியாது" என்ற ஒற்றை வரி வரும். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: இந்தத் துளையில் எது உட்காருகிறது? ஒருமுறை அடித்து இறக்கும் டவல் பின்னா (பாகத்தை இடத்தில் நிறுத்தும் ஊசி), அடிக்கடி கழற்றி மாட்டும் ஷாஃப்டா? அந்த இடத்தில் மின்காப்பு தேவையா? டவல் பின் என்றால் துளைக்குள் கோட்டிங் வேண்டியதில்லை, மாஸ்க் செய்துவிடலாம் (கோட்டிங் படாமல் மூடிவிடலாம்). உரசும் ஷாஃப்ட் என்றால் கோட்டிங் வேண்டும், அப்போது கோட்டிங்குக்குப் பிறகு ஹோனிங் செய்ய வேண்டும் (துளையை நுணுக்கமாகத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவர வேண்டும்), விலை வேறு. இந்த மூன்று கேள்விக்குப் பதில் வந்துவிட்டால் அந்த அசெம்பிளி எப்படி வேலை செய்கிறது என்பதில் பாதி உங்கள் கைக்கு வந்துவிடும்.

நிபோங்திபால்_என்பிஐ
அண்ணன் சொன்ன கேள்விகளை எப்போது கேட்பது என்பதில்தான் நம் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். கொட்டேஷன் கேட்கும் கட்டத்திலேயே கேட்டுவிட வேண்டும். பி.ஓ. (வாங்கும் ஆணை) வந்து, ஃபர்ஸ்ட் ஆர்ட்டிகிள் இன்ஸ்பெக்ஷனும் (முதல் பாகத்தின் முழுச் சோதனை) முடிந்தபிறகு கேட்டால் அது டிராயிங் மாற்றக் கோரிக்கை ஆகிவிடும். ரிவிஷன் ஏற்ற வேண்டும், வேறு வெண்டர்களுக்கும் தெரிவிக்க வேண்டும், அவர்கள் ஊரில் நாலு பேர் கையெழுத்துப் போட வேண்டும். இவ்வளவு தலைவலியை யார் இழுத்துப் போட்டுக்கொள்வார்கள்? கொட்டேஷன் கட்டத்தில் டிசைன் எஞ்சினியர் இன்னும் அந்தப் பாகத்தை மறந்திருக்க மாட்டார், புரோட்டோடைப்பும் கைக்கு வந்திருக்காது. அப்போது பதில் சொல்ல அவருக்கே ஆர்வம் இருக்கும்.

விலையோடு ஒரு பக்கத் தாள் இணையுங்கள். ஒவ்வொரு வரியிலும் டிராயிங்கில் எந்தக் கட்டம், இப்போது என்ன இருக்கிறது, அதனால் எந்த ஆப்பரேஷனில் எவ்வளவு செலவு கூடுகிறது, மாற்றாக என்ன சொல்கிறீர்கள், அந்த மாற்றத்தில் அவர்களுக்கு என்ன ஆபத்து என்று வர வேண்டும். கடைசிக் கட்டத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். "இதனால் உங்களுக்கு இது கெடலாம்" என்று நீங்களே எழுதினால்தான் எஞ்சினியர் உங்களைப் பொருட்படுத்துவார். ஐந்து வரிக்கு மேல் போகாதீர்கள். இருபது வரி அனுப்பினால் டிராயிங் படிக்கத் தெரியாதவர் என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

பத்துகாவான்_சிஎன்சி
நன்றி அக்கா. ஆனால் எங்களுக்கு இருக்கும் ஒரே தொடர்பு பையர்தான். எதைக் கேட்டாலும் "டிராயிங்படி செய்யுங்கள்" என்பார். எஞ்சினியரின் பெயர்கூடத் தெரியாது.

பிறை_பழையகை
தெரியாமல்தான் இருக்கும். பையருக்குக் கொடுத்திருக்கும் வேலை விலையைக் குறைப்பது. உங்களுக்குப் பாடம் நடத்துவது அவர் வேலை இல்லை.

கொஞ்சம் கசப்பாகவே பேசுகிறேன். கருத்தரங்கில் "தொழில்நுட்பப் பரிமாற்றம்" என்று பேசும்போது பன்னாட்டுக் கம்பெனி ஏதோ கொடை கொடுப்பதுபோல் இருக்கும். அவர்கள் சொல்லிக்கொடுப்பது தங்கள் செலவும் ஆபத்தும் எங்கே குறைகிறதோ அங்கே மட்டும்தான். இன்ஸ்பெக்ஷன், பேக்கிங், டிரேசபிலிட்டி (எந்தப் பாகம் எந்த லாட்டில் வந்தது என்று தேடிப் பிடிப்பது) எல்லாம் தாராளமாகச் சொல்லித் தருவார்கள், ஏனென்றால் நம் தப்பு அவர்கள் லைனை நிறுத்தும். டிசைனை அப்படிச் சொல்லித்தர அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை.

இந்தத் தீவில் நடந்ததைப் பாருங்கள். 1969-இல் பினாங்கு வளர்ச்சிக் கழகம், 1972-இல் பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக மண்டலம். இன்டெல், ஏ.எம்.டி., ஹியூலட்-பேக்கர்ட், நேஷனல் செமிகண்டக்டர், ஹிட்டாச்சி, போஷ், கிளாரியன், லிட்ரானிக்ஸ் என்று "எட்டு சாமுராய்" வந்தன. உள்ளூர்க் கடைகள் ஜிக், ஃபிக்ஸ்சர், ஸ்டாம்பிங் டை செய்து கொடுத்தன. ஆனால் மேலே வந்த கம்பெனிகளில் பலவற்றின் அறிவு ஆர்டர் வழியாக மட்டும் வரவில்லை, ஆட்கள் வழியாக வந்தது. குளோபெட்ரோனிக்ஸும் பெந்தாமாஸ்டரும் 1991-இல், விட்ராக்ஸ் 2000-இல். தொடங்கியவர்கள் எல்லாம் பன்னாட்டு ஆலைகளுக்குள் வேலை பழகியவர்கள். அந்த ஆலை எதற்குப் பணம் கொடுக்கும், எங்கே அதற்கு வலிக்கிறது என்று உள்ளே இருந்தே தெரிந்துகொண்டு வந்தார்கள்.

ஆகவே என் யோசனை: எஞ்சினியரின் பெயர் தெரியவில்லை என்றால், அந்த மாதிரி ஆலையில் வேலை பார்த்த ஒருவரைச் சம்பளம் கொடுத்து எடுங்கள். பல வருட மெயிலை விட அது மலிவு.

பாயான்லெப்பாஸ்_குவாலிட்டி
ஆள் எடுப்பது சரிதான் அண்ணே. ஆனால் எஞ்சினியரிடம் போக இன்னொரு வாசல் இருக்கிறது, அது எல்லா வெண்டருக்கும் திறந்தே கிடக்கிறது: கரெக்டிவ் ஆக்ஷன் ரிக்வஸ்ட், அதாவது குறையைச் சரிசெய்யச் சொல்லி வரும் கோரிக்கை. ரிஜெக்ட் ஆனதும் கஸ்டமரின் எஸ்.கியூ.இ. (வெண்டர் தரத்தைப் பார்க்கும் எஞ்சினியர்) 8டி கேட்பார், அதாவது டி1 முதல் டி8 வரை எட்டுப் படிகளில் குறையை ஆராயும் அறிக்கை. அந்தச் சமயத்தில் பையர் ஒதுங்கிக்கொள்வார், எஸ்.கியூ.இ.-யும் டிசைனரும் நேரடியாக வருவார்கள். நம் ஆட்கள் அந்த வாசலில் நின்று என்ன எழுதுகிறார்கள்? "ஆப்பரேட்டர் கவனக்குறைவு, மீண்டும் பயிற்சி அளிக்கப்பட்டது." விஷயம் முடிந்தது. கஸ்டமரும் மூடிவிடுவார், நீங்களும் ஒன்றும் கற்கவில்லை.

டி3 கட்டத்தில் கன்டெய்ன்மென்ட் (குறைப் பாகம் மேலும் பரவாமல் தடுப்பது) வேகமாகப் போக வேண்டும். பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் கேட்பார்கள்: கையிருப்பு, வழியில் இருப்பது, அவர்கள் கிடங்கில் இருப்பது, மூன்றுக்கும் எண்ணிக்கை. டி4 ரூட் காஸில் (மூல காரணம்) இரண்டு கேள்விக்கும் தனித்தனியாகப் பதில் வேண்டும்: குறை ஏன் உண்டானது, ஏன் பிடிபடாமல் வெளியே போனது. இரண்டாவதில்தான் பெரும்பாலும் அளக்கும் முறையின் கோளாறு வெளியே வரும்.

அதனால் 8டி எழுதும் முன் கேஜ் ஆர் அண்ட் ஆர் (அளக்கும் கருவியும் ஆளும் எவ்வளவு பிழை சேர்க்கிறார்கள் என்று பார்க்கும் சோதனை) ஓட்டுங்கள். 10 பாகம், 3 பேர், ஒவ்வொருவரும் 3 முறை, யார் எந்தப் பாகத்தை அளக்கிறார் என்று தெரியாமல் கலைத்துக் கொடுங்கள். பிழை 10 சதவீதத்துக்குள் என்றால் நல்லது, 10 முதல் 30 வரை என்றால் பாகத்தின் முக்கியத்துவத்தைப் பார்த்து ஏற்கலாம், 30-ஐத் தாண்டினால் அந்தக் கருவியை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. நல்லதும் கெட்டதும் கலந்த 10 பாகத்தை எடுங்கள். ஒரே லாட்டில் அடுத்தடுத்து வந்த 10-ஐ எடுத்தால் பாகங்களுக்குள் வித்தியாசமே இருக்காது, சதவீதம் வீணாக ஏறும்.

இந்த டேட்டாவோடு போய், "எங்களுக்கு எட்ஜ் பக்கத்தில்தான் குறை வருகிறது, அந்த எட்ஜ் உங்கள் அசெம்பிளியில் எதைத் தொடுகிறது?" என்று கேளுங்கள். பதில் சொல்லாமல் இருக்க முடியாது, ஏனென்றால் 8டி-யை மூட வேண்டியது அவர்களுக்கும் ஒரு வேலை.

நிபோங்திபால்_என்பிஐ
மேலே சொன்னதோடு ஒன்று. மூடிய 8டி-களைக் குவாலிட்டி அலமாரியில் வைத்துப் பூட்டாதீர்கள். கொட்டேஷன் போடுபவர் கையில் அது இருக்க வேண்டும். அடுத்த டிராயிங்கில் அதே வடிவம் வந்தால் பழைய நம்பரைப் பார்த்துத்தான் விலை போட வேண்டும். நம் ஊர் ஷாப்புகளில் கொட்டேஷன் ஒரு அறை, குவாலிட்டி ஒரு அறை, நடுவில் சுவர்.

வெற்றிடம்_கூலிம்
மாட்யூல் என்கிறீர்களே, அது வேக்கம் (வெற்றிடம்) மாட்யூலா? அப்படியானால் இப்போதே சொல்லிவிடுகிறேன், மெஷினிங் ஷாப்பிலிருந்து வருபவர்கள் சறுக்கும் இடம் லீக் டெஸ்ட்தான்.

ஹீலியம் லீக் டிடெக்டர் வாங்கிவிடுவார்கள். 1×10⁻⁹ மில்லிபார் லிட்டர்/விநாடி என்ற வரம்பில் பாஸ் ஆகும். கஸ்டமர் சேம்பரில் போட்டால் வேக்கம் இறங்கவே இறங்காது. காரணம் விர்ச்சுவல் லீக். அடி மூடிய திருகுத் துளையில் போல்ட் இறுகும்போது அடியில் ஒரு சிட்டிகைக் காற்று சிக்கிக்கொள்ளும், திருகு இழை வழியாக மெல்ல மெல்லக் கசியும். வெளியிலிருந்து எதுவும் உள்ளே போகவில்லை, அதனால் ஹீலியம் அதைக் காட்டாது. டிராயிங்கில் "நடுவில் துளை போட்ட போல்ட் போடு" என்று இருப்பது இதற்காகத்தான். ஸ்டாக் இல்லை என்று சாதாரண போல்ட் போட்டால் கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

எப்படிப் பிடிப்பது? ரெசிடுவல் கேஸ் அனலைசரில் (சேம்பரில் மிச்சமிருக்கும் வாயுக்களை நிறை எண்ணால் காட்டும் கருவி) 28 (நைட்ரஜன்), 32 (ஆக்சிஜன்) இரண்டும் தெரிகிறது, ஹீலியம் டெஸ்டும் சுத்தம் என்றால் சந்தேகம் அங்கே. சேம்பரை ஆர்கான் விட்டு நிரப்பி, கொஞ்ச நேரம் விட்டு, மறுபடி இறக்குங்கள். உள்ளே சிக்கியிருந்தால் ஆர்கானின் 40 எழும்பும், வெளியிலிருந்து வரும் லீக் என்றால் 28-ஏ நிற்கும். 41, 43, 55, 57 கூட்டமாக எழும்பினால் அது எண்ணெய், உங்கள் கூலன்ட் சரியாகக் கழுவப்படவில்லை.

கோட்டிங் பற்றியும் ஒன்று. ஆனோடைசிங் படலத்தில் நுண்துளைகள் இருக்கும், தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அலுமினியத்தோடு ஒப்பிட்டால் ஆக்சைடு சூட்டில் மிகக் கொஞ்சமே விரியும். கழுவியபின் உலர்த்துகிறேன் என்று கண்டபடி சூடாக்கினால் படலம் முழுக்க மயிரிழை விரிசல் விழும். உலர்த்தும் வெப்பநிலை டிராயிங்கில் இல்லையென்றால் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இந்தக் கேள்விக்கு அவர்கள் மெட்டீரியல் ஆளையே லைனில் கொண்டுவருவார்கள். எஞ்சினியர் பெயர் வேண்டும் என்றீர்களே, இதோ வழி.

பத்துகாவான்_சிஎன்சி
ஆர்கான் விஷயம் புதிது. மிக்க நன்றி. இனி மூன்றாவது கேள்வி: கற்றது யாருடையது?

ஒப்பந்தம்_ஜார்ஜ்டவுன்
பொதுவான விஷயங்களை மட்டும் சொல்கிறேன், உங்கள் ஒப்பந்தத்தை உங்கள் வக்கீலிடம் காட்டுங்கள்.

முதலில் தேட வேண்டியது "இம்ப்ரூவ்மென்ட்ஸ்" (மேம்பாடுகள்) என்ற வார்த்தை. பல கஸ்டமர்களின் நிலையான பி.ஓ. நிபந்தனைகளில், அவர்கள் பாகத்துக்காக நீங்கள் செய்யும் எந்த மேம்பாடும் அவர்களுக்கே சொந்தம் என்று ஒரு வரி இருக்கும். ஃபிக்ஸ்சர், கழுவும் முறை, மாஸ்கிங் ஜிக் எல்லாம் அதற்குள் அடங்கிவிடலாம். மாட்யூல் ஒப்பந்தம் பேசும்போது இரண்டாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள்: பொருளின் டிசைன் மீதான மாற்றம் அவர்களுக்கு, உற்பத்தி முறை மீதான மாற்றம் உங்களுக்கு, அவர்களுக்குப் பயன்படுத்தும் உரிமை மட்டும். நீங்கள் ஏற்கனவே வைத்திருக்கும் முறைகளை ஒரு இணைப்பாகப் பட்டியலிட்டுத் தேதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். பட்டியல் இல்லையென்றால் "இது எங்களிடம் முன்பே இருந்தது" என்று பிறகு காட்ட முடியாது.

இரண்டாவது, இன்னொரு கஸ்டமருக்கு வேலை செய்யும்போது எதை எடுத்துப் போகலாம்? உங்கள் ஆள் தேர்ச்சியாகக் கற்ற பொதுத் திறமையை யாரும் தடுக்க முடியாது. ஆனால் முதல் கஸ்டமரின் டிராயிங், எண், ரெசிபி, ஃபெயிலியர் டேட்டா எதுவும் போகக் கூடாது. சர்வரில் ஃபோல்டரைக் கஸ்டமர் வாரியாகப் பூட்டுங்கள், ஆடிட்டில் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

மூன்றாவதைப் பலர் கவனிப்பதே இல்லை. டிராயிங்கின் ஓரத்தில் அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு முத்திரை இருக்கிறதா? இருந்தால் வேறு நாட்டுத் தொழிலாளிக்கு அதைக் காட்டுவதே அந்த நாட்டுக்கு ஏற்றுமதி செய்ததாகக் கருதப்படலாம். நம் பக்கம் 2010-ஆம் ஆண்டு வியூக வணிகச் சட்டமும் இருக்கிறது. அந்தப் பாகம் ஓடும் மெஷினில் யாரைப் போடுவது என்று முடிவு செய்யும் முன் கஸ்டமரிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

பிறை_பழையகை
ஆள் விஷயம் வந்ததால் கேட்கிறேன் வக்கீல் சார். பழக்கிய எஞ்சினியரைப் பக்கத்து ஆலை தூக்கிக்கொண்டு போகிறது. இரண்டு வருடம் போட்டியாளரிடம் சேரக் கூடாது என்று கையெழுத்து வாங்கினால் நிற்குமா?

ஒப்பந்தம்_ஜார்ஜ்டவுன்
நான் வக்கீல் இல்லை சார், ஒப்பந்தம் பார்க்கும் வேலை. வேலையை விட்டபிறகு தடுக்கும் அந்த வகை நிபந்தனை 1950 ஒப்பந்தச் சட்டத்தின் 28-ஆம் பிரிவின்படி நம் நாட்டில் செல்லாது. சில வெண்டர்கள் அதைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள். இரகசியக் காப்பு நிபந்தனை நிற்கும், வேலையில் இருக்கும்போது உள்ள கட்டுப்பாடும் நிற்கும்.

நிபோங்திபால்_என்பிஐ
அதனால் ஒவ்வொரு முக்கிய வேலைக்கும் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கஸ்டமரோடு பேசும் அழைப்புகளில் இருவரும் உட்கார வேண்டும், 8டி-யில் ஒருவர் எழுதினால் மற்றவர் சரிபார்க்க வேண்டும். கஸ்டமர் தளத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பும்போதும் சூப்பர்வைசரை மட்டும் அனுப்பாமல் மெஷினைத் தொடுபவர் ஒருவரையும் சேர்த்து அனுப்புங்கள். திரும்பி வந்து மானேஜ்மென்ட்டுக்கு ஸ்லைடு காட்டுவதோடு முடியக் கூடாது. வொர்க் இன்ஸ்ட்ரக்ஷனில் எந்த வரி மாறியது என்று கேளுங்கள்.

மலேசியத் தொழிலாளர்கள் 10 பேரோ அதற்கு மேலோ இருந்தால் பயிற்சி நிதி அமைப்பான எச்.ஆர்.டி. கார்ப்புக்குச் சம்பளத்தில் 1 சதவீத லெவி கட்டிக்கொண்டுதான் இருப்பீர்கள். அந்தப் பணத்தில் பி.எஸ்.டி.சி. (பினாங்கு திறன் மேம்பாட்டு மையம்) மாதிரி இடத்தில் அளவியல், எஸ்.பி.சி. (புள்ளியியல் வழி உற்பத்திக் கட்டுப்பாடு) படிப்புகளுக்கு அனுப்புங்கள். 1989-லிருந்து இதற்கென்றே நடத்துகிறார்கள். பொதுவான அடிப்படையை இங்கே முடித்துவிட்டுப் போனால் கஸ்டமர் எஞ்சினியரின் நேரத்தை அவர்களுக்கு மட்டுமே தெரிந்த விஷயத்தில் செலவழிக்கலாம். சிபிகே (உற்பத்தி முறை டாலரன்ஸுக்குள் எவ்வளவு நிற்கிறது என்று காட்டும் எண்) என்றால் என்ன என்று அவரிடம் கேட்டு அரை நாளைக் கரைக்கக் கூடாது.

பத்துகாவான்_சிஎன்சி
கடைசியாக ஒன்று. ஆனோடைசிங் கடையை மாற்ற நினைக்கிறோம், சுங்கை பட்டாணியில் ஒருவர் தடிமனை 3 மைக்ரானுக்குள் பிடிக்கிறார். டிராயிங்கில் கடையின் பெயர் இல்லை. சொல்லாமல் மாற்றினால் என்ன?

பாயான்லெப்பாஸ்_குவாலிட்டி
மாற்றாதீர்கள். டிராயிங்கில் இல்லாவிட்டாலும் ஃபர்ஸ்ட் ஆர்ட்டிகிள் ரிப்போர்ட்டில் பழைய கடையின் சான்றிதழ் இருக்கும், அதுதான் அவர்கள் ஏற்றுக்கொண்ட நிலை. பிராசஸ் சேஞ்ச் நோட்டிஸ் (செய்முறை மாற்ற அறிவிப்பு) கொடுங்கள். எத்தனை நாள் முன்னதாக என்பது உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கும், 90 நாள் சாதாரணம். அதுவரை பழைய கடையின் ஸ்டாக்கை ஓட்டத் திட்டம் வைத்துக்கொள்ளுங்கள்.

நோட்டிஸோடு பழைய கடை, புதிய கடை இரண்டிலும் 30 பாகத்தின் தடிமன் டேட்டா, துளை விட்டம் கோட்டிங்குக்கு முன்னும் பின்னும், அளந்த கருவியின் ஆர் அண்ட் ஆர் எல்லாம் வையுங்கள். 5-லிருந்து 3 மைக்ரானுக்கு இறங்கினால் விட்டத்தில் மெஷினிங்குக்கு 5-க்குப் பதில் 9 மைக்ரான் கிடைக்கும், அந்தக் கணக்கையும் எழுதுங்கள். டிசைனர் அதைப் பார்த்தால் தானே போன் போடுவார்.

வெற்றிடம்_கூலிம்
புதிய கடையில் சீலிங் குளியல் (படலத்தின் நுண்துளைகளை அடைக்கும் தொட்டி) உண்டா என்று முதலில் பாருங்கள். வேக்கம் பாகத்துக்குச் சீல் செய்யாதே என்று நோட் இருந்தால், அவர்கள் பழக்கத்தில் முக்கி எடுத்துவிடுவார்கள். ஒவ்வொரு லாட்டோடும் அதே அலாயில் ஒரு டெஸ்ட் கூப்பன் (சோதனைக்கான மாதிரித் துண்டு) போட்டு, அதன் எண்ணைச் சான்றிதழில் எழுதச் சொல்லுங்கள்.